பாதை வரும் வரை: ஸ்டோயிக் வாழ்க்கைமுறையைப் பழக ஒரு முழுமையான வழிகாட்டி

மண்டூரிலிருந்து எழுவான்கரைக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு இது தெரியும்: நாம் துறையடிக்கு வந்து சேரும் நேரம், பாதை அக்கரையில் குருமண்வெளியில்தான் நிற்கும். (வெளியூர் வாசகர்களுக்கு ஒரு சொல்: மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் ‘பாதை’ என்றுதான் பெயர். வாவியின் கிழக்குப் பக்கம் எழுவான்கரை, எங்கள் மேற்குப் பக்கம் படுவான்கரை.) மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, இன்றைக்கும் கந்தோருக்குப் பிந்தப் போகிறோமே என்று வயிறு எரிந்து நிற்போம். நான் பல வருடங்கள் அப்படி நின்றவன். பாதைக்காரரை ஏசியிருக்கிறேன். காலையில் தேத்தண்ணி தரப் பிந்தியதற்காக வீட்டுக்காரியையும் மனதுக்குள் ஏசியிருக்கிறேன். எபிக்டெட்டஸ் என்ற பழைய ஸ்டோயிக் தத்துவ ஆசிரியரின் பெயரை முதலில் வாசித்தது அந்தத் துறையடியில், போனில்தான்.

இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. ஸ்டோயிக் தத்துவம் என்று இப்போது காணொளிகளில் வருவது பெரும்பாலும் ‘எதற்கும் அசையாதே, யாரையும் கணக்கெடுக்காதே’ என்ற வீராப்பு. மூலத்தை வாசித்தால் அப்படி இல்லை. உன் பங்கை முழுதாகச் செய்; விளைவைக் கழுத்தில் கட்டிக்கொண்டு அலையாதே; கூட இருப்பவர்களை விட்டுவிடாதே. அவர்கள் சொன்னது இவ்வளவுதான். இதைப் பழக ஒரு கொப்பியும், நாளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடமும், இரண்டு வாரப் பொறுமையும் போதும்.

முதலில், இவர்கள் யார்?

சைப்பிரஸ் தீவில் சிட்டியம் என்ற ஊரில் பிறந்தவர் ஸீனோ. கப்பல் உடைந்து கையில் இருந்ததை இழந்து ஏதென்ஸ் வந்து சேர்ந்தார் என்று பழைய வாழ்க்கைக் குறிப்பு சொல்கிறது. கி.மு. 300 அளவில், சந்தைவெளி ஓரத்தில் ஓவியங்கள் தீட்டிய ஒரு தூண் மண்டபத்தில் பாடம் சொல்லத் தொடங்கினார். அந்த மண்டபத்துக்குக் கிரேக்கத்தில் ‘ஸ்டோவா’ என்று பெயர். ஸ்டோயிக் என்ற சொல் அதிலிருந்து வந்தது. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பின் வந்த கிளியாந்தஸ் இரவில் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைத்துக் கூலி வாங்கி, பகலில் படித்தவர்.

இன்று நம் கைக்குக் கிடைக்கும் எழுத்துகள் பெரும்பாலும் மூன்று பேருடையவை. செனெக்கா பெரும் பணக்காரர். எட்டு வருடம் கோர்சிகா தீவுக்கு நாடு கடத்தப்பட்டவர். நீரோ மன்னனின் ஆசானாக இருந்து, கி.பி. 65இல் அதே நீரோவின் கட்டளையால் உயிரை மாய்த்துக்கொண்டவர். எபிக்டெட்டஸ் அடிமையாக இருந்தவர், கால் ஊனமுற்றவர். அவர் ஒரு வரியும் எழுதவில்லை. மாணவர் அர்ரியன் கேட்டு எழுதியவைதான் இருக்கின்றன. மார்க்கஸ் அவுரேலியஸ் கி.பி. 161 முதல் 180 வரை ரோமப் பேரரசர். கொள்ளைநோயும் எல்லைப் போரும் மாறி மாறி வந்த காலம் அது. பெற்ற பிள்ளைகளில் பலரைத் தன் கண்முன்னே பறிகொடுத்தார். அவர் இராணுவ முகாம்களில் இருந்து தனக்குத் தானே எழுதிக்கொண்ட குறிப்புகள் கிரேக்க மொழியில் இருக்கின்றன.

ஒரு அடிமையும் ஒரு பேரரசரும் ஒரே பாடத்தைப் படித்தார்கள் என்பதால்தான் எனக்கு இதில் நம்பிக்கை வந்தது.

படி 1: கொப்பியை இரண்டாகப் பிரியுங்கள்

பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடது பக்கம் ‘என் கையில் இருப்பது’, வலது பக்கம் ‘என் கையில் இல்லாதது’. எபிக்டெட்டஸின் கைநூல் தொடங்குவதே இந்தப் பிரிவினையில்தான். நம் கருத்து, முயற்சி, விருப்பு, வெறுப்பு ஆகியவை நம்முடையவை. உடம்பு, சொத்து, பெயர், பதவி நம்முடையவை அல்ல என்கிறார்.

கேட்க எளிது. எழுதத் தொடங்கினால் தெரியும். போன சிறுபோகத்தில் நான் எழுதிய ஒரு பக்கம் இது. அன்று காலை வயலுக்குப் போனபோது, எங்கள் முறைத் தண்ணீர் வரவேண்டிய வாய்க்கால் மேலே மறித்திருந்தது.

வலது பக்கம் எழுதியவை: குளத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது. பெரியப்பாவின் மகன் வாய்க்காலை எப்போது மறிக்கிறான், ஏன் மறிக்கிறான். இந்த முறை நெல் என்ன விலை போகும்.

இடது பக்கம்: வயல்களுக்குத் தண்ணீர் முறை பார்க்கும் வட்டவிதானையிடம் முறை நாளைக் கேட்டு உறுதிப்படுத்துவது. என் வரம்பில் உள்ள நண்டு வளைகளை அடைப்பது. இருக்கிற தண்ணீரும் அதனால்தான் ஒழுகிப்போகிறது. நேற்று அவனிடம் நான் பேசிய பேச்சு.

கடைசி வரியை எழுதும்போது கை கொஞ்சம் நின்றது. கோபத்தில் இருந்தவனுக்கு, தன் பேச்சும் தன் பக்கத்துக் கணக்கில்தான் வரும் என்பது அதுவரை தோன்றவில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒரு இடத்தில் வழக்கமாகச் சறுக்குவார்கள். ‘என் கையில் இல்லை’ என்றால் ‘நான் செய்ய ஒன்றும் இல்லை’ என்று எடுத்துக்கொள்வார்கள். சீனி வருத்தம் உள்ளவருக்கு இரத்தப் பரிசோதனையில் வரும் இலக்கம் வலது பக்கம். குளிசையை நேரத்துக்குப் போடுவதும் பின்னேரம் நடப்பதும் இடது பக்கம். உயர்தரப் பரீட்சை எழுதும் பிள்ளைக்கு, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி வலது பக்கம். இன்றைய மூன்று மணி நேரப் படிப்பு இடது பக்கம். ஸ்டோயிக்குகள் இதற்கு வில்லாளியை உதாரணம் காட்டினார்கள். குறி பார்ப்பதும் நாணை இழுப்பதும் அவன் வேலை. அம்பு போன பின் காற்று அடித்தால் அது அவன் குற்றம் இல்லை. வயல் செய்கிறவனுக்கு வில் எதற்கு? 2011 ஜனவரி வெள்ளத்தில் படுவான்கரை முழுக்கக் கதிர் தண்ணீருக்குள் போனது. விதைத்ததிலும் களை பிடுங்கியதிலும் எங்கள் அப்பா ஒரு குறை வைக்கவில்லை. அடுத்த போகத்துக்கும் அதே கையால்தான் விதைத்தார்.

முதல் மூன்று நாளும் இந்தப் படியை மட்டும் செய்யுங்கள். வேறு ஒன்றும் வேண்டாம்.

படி 2: முதல் திடுக்கிடலை மன்னித்துவிடுங்கள்

இந்தப் படியை வாசித்தபோதுதான் ஸ்டோயிக்குகள் கல் நெஞ்சுக்காரர்கள் இல்லை என்று எனக்கு உறைத்தது.

ஆலஸ் ஜெல்லியஸ் என்ற ரோமர் ஒரு கதை எழுதி வைத்திருக்கிறார். அயோனியக் கடலில் போன ஒரு கப்பல் புயலில் அகப்பட்டது. அதில் பேர்பெற்ற ஸ்டோயிக் ஆசிரியர் ஒருவரும் இருந்தார். புயலில் அவர் முகமும் வெளுத்துப்போனது. கரை சேர்ந்தபின், ‘நீங்களுமா பயந்தீர்கள்?’ என்று கேட்டதற்கு அவர் எபிக்டெட்டஸின் உரைகளில் ஐந்தாம் பாகத்தைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அந்தப் பாகம் இன்று இல்லை. முதல் நான்குதான் மிஞ்சியிருக்கின்றன. அதில் இருந்தது இது: திடீரென்று இடி விழுந்தால் ஞானிக்கும் உடம்பு நடுங்கும், முகம் வெளுக்கும். அதை யாராலும் தடுக்க முடியாது. அடுத்த கணம் ‘ஆம், இது பெரிய கேடுதான்’ என்று மனம் ஒப்புக்கொடுக்கிறதா என்பதில்தான் வித்தியாசம்.

2004 சுனாமியில் இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். மட்டக்களப்புப் பக்கம் நாவலடி, கல்லடி, அம்பாறைப் பக்கம் மருதமுனை, காரைதீவு, திருக்கோவில் என்று கரையோர ஊர் எதை எடுத்தாலும் ஒரு வீட்டுக் கதை இருக்கும். இன்றும் கடல் இரைச்சல் கொஞ்சம் மாறினால் நெஞ்சு பகீரென்கிற ஆட்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அது கோழைத்தனம் இல்லை. உடம்பு தன் வேலையைச் செய்கிறது. 2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் பூமி அதிர்ந்து எச்சரிக்கை வந்தபோது கரையோரச் சனம் உள்ளுக்கு ஓடியது. ஓடியதுதான் சரி. உயிரும் உடல்நலமும் தேடிக் காக்க வேண்டியவை என்றுதான் ஸ்டோயிக்குகளும் சொன்னார்கள். அவற்றுக்காக அறத்தை விற்கக் கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை.

பயிற்சி இப்படி. ஏதாவது உங்களைக் குத்தினால், முதலில் மூச்சு விடுங்கள். அப்புறம் நடந்ததை அடைமொழி இல்லாமல் ஒரு வரியில் எழுதுங்கள். மார்க்கஸ் இதைத் தனக்கே சொல்லிக்கொள்கிறார்: ஒருவன் உன்னைப் பற்றித் தவறாகப் பேசுகிறான் என்று செய்தி வந்தது, உனக்குக் கேடு வந்துவிட்டது என்று செய்தி வரவில்லை. பிள்ளைக்குச் சுகமில்லை என்பதைப் பார்க்கிறேன். ஆபத்து என்பதை நான் பார்க்கவில்லை.

‘கூட்டத்தில் அவர் என்னை மதிக்கவே இல்லை’ என்று எழுதாதீர்கள். ‘கூட்டத்தில் அவர் என் பெயரைச் சொல்லவில்லை’ என்று எழுதுங்கள். வட்ஸ்அப் குழுவில் இரவு பத்து மணிக்கு வரும் செய்திகளுக்கு இதைப் போல மருந்து நான் கண்டதில்லை.

படி 3: காலையில், துறையடிக்குப் போகும் முன்

குளிக்கப் போகிறாயா, குளியல் மண்டபத்தில் என்ன நடக்கும் என்று முதலே நினைத்துக்கொள் என்கிறார் எபிக்டெட்டஸ். ஒருவன் தண்ணீரைத் தெறிப்பான், ஒருவன் இடிப்பான், ஒருவன் திட்டுவான், ஒருவன் திருடுவான். நீ குளிக்கவும் வேண்டும், உன் மனநிலையைக் காக்கவும் வேண்டும். இரண்டையும் நினைத்துக்கொண்டு போ.

நான் குளியல் மண்டபத்தை எடுத்துவிட்டுப் பாதையைப் போட்டேன். வீட்டில் சப்பாத்துப் போடும்போதே சொல்லிக்கொள்வேன்: பாதை அக்கரையில் நிற்கும். முன்னால் நிற்கிறவர் மோட்டார் சைக்கிளைக் குறுக்கே விடுவார். மழை பெய்தால் நனைவேன். எனக்கு அக்கரைக்கும் போக வேண்டும், ஏசாமலும் போக வேண்டும்.

அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. பாதை முன்பு போலத்தான் பிந்துகிறது. காத்து நிற்கும் இருபது நிமிடத்தில் வாவியில் வலை இழுப்பவர்களைப் பார்க்கிறேன், யாராவது மூத்தவருடன் இரண்டு கதை கதைக்கிறேன்.

படி 4: இரவில், விளக்கு அணைந்த பின்

செனெக்காவின் பழக்கம் இது. விளக்கை எடுத்துச் சென்றபின், அவர் பழக்கம் அறிந்த மனைவி பேசாமல் இருக்க, அன்றைய நாள் முழுவதையும் தனக்குள் விசாரிப்பாராம். எதையும் ஒளிக்க மாட்டாராம். அந்த ஆளிடம் தேவைக்கு அதிகமாகக் கடிந்து பேசிவிட்டாய், அவனைத் திருத்தவில்லை, நோகடித்துவிட்டாய் என்று தனக்கே சொல்லிக்கொள்வார். அதன்பின், இனி இப்படிச் செய்யாதே, இந்த முறை மன்னிக்கிறேன் என்பார்.

மன்னிப்பை விடாதீர்கள். நம் ஆட்கள் விசாரணையை நன்றாகச் செய்வார்கள், மன்னிப்பில் நின்றுவிடுவார்கள். அப்படிச் செய்தால் நித்திரைதான் கெடும்.

எழுத மூன்று கேள்விகள் போதும். எங்கே தவறினேன்? என்ன செய்தேன்? செய்ய வேண்டியது எது விடுபட்டது? எபிக்டெட்டஸ் தன் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பழைய கேள்விகள் இவை. மூன்றாவதுதான் எனக்கு எப்போதும் நீளமாக வரும்.

படி 5: எந்தக் கைபிடியால் தூக்குவது

எல்லாவற்றுக்கும் இரண்டு கைபிடி உண்டு, ஒன்றால் தூக்கலாம், மற்றதால் தூக்க முடியாது என்கிறார் எபிக்டெட்டஸ். உன் சகோதரன் உனக்கு அநியாயம் செய்தால் ‘அநியாயம்’ என்ற பிடியால் தூக்காதே; ‘சகோதரன், கூட வளர்ந்தவன்’ என்ற பிடியால் தூக்கு.

இதோடு சேர்த்து ஹியரோக்கிளிஸ் என்ற இன்னொரு ஸ்டோயிக் சொன்னதையும் பாருங்கள். மனிதனைச் சுற்றி வட்டம் வட்டமாக உறவுகள் இருக்கின்றன: நடுவில் நான், பிறகு பெற்றோரும் உடன்பிறப்பும், பிறகு சுற்றம், ஊர், நாடு, கடைசியில் மனித குலம். வெளி வட்டத்தில் இருப்பவர்களை ஒரு வட்டமாவது உள்ளே இழுக்க வேண்டும் என்கிறார். அதற்கு அவர் சொன்ன வழி என்ன தெரியுமா? தந்தையின், தாயின் உடன்பிறந்தாரின் பிள்ளைகளைச் சகோதரர் என்று அழை, அவர்களுடைய பெற்றோரைத் தாய் தந்தை என்று அழை.

அதைப் பெரிய பயிற்சியாக எழுதி வைத்திருக்கிறார். நமக்கு அது தாய்மொழியிலேயே வருகிறது. பெரியப்பா, சின்னம்மா என்ற சொற்களுக்குள்ளேயே அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள். கல்முனைச் சந்தையில் மீன் வாங்கும்போது ‘காக்கா, இது என்ன விலை?’ என்கிறோம் (முஸ்லிம் மக்கள் அண்ணனை அழைக்கும் சொல் அது), அவர் ‘தம்பி’ என்கிறார். காரைதீவும் சாய்ந்தமருதும், ஆரையம்பதியும் காத்தான்குடியும் என்று தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் ஒரே வீதியில் அடுத்தடுத்து இருக்கும் இந்த மண்ணில், அந்தச் சொற்கள் வாயோடு நின்றுபோன நாட்களும் இருந்தன. சொல் ஏற்கெனவே நம்மிடம் உண்டு. அதற்கேற்ப நடப்பதுதான் பயிற்சி.

படி 1இல் நான் காட்டிய பக்கத்தைத் திரும்பப் பாருங்கள். ‘பெரியப்பாவின் மகன்’ என்று எழுதியிருக்கிறேன், ‘மறிக்கிறான்’ என்று எழுதியிருக்கிறேன். அவர் எனக்கு ஆறு வயது மூத்தவர். வாவியில் எனக்கு நீந்தப் பழக்கியவர். பிறந்த நாளிலிருந்து அண்ணன் என்றுதான் கூப்பிட்டேன். கோபம் வந்ததும் பேனை அவரை ஒரு வட்டம் வெளியே தள்ளிவிட்டது. அடுத்த நாள் வாசிக்கும்போதுதான் கண்ணில் பட்டது.

உங்கள் கொப்பியில் யாரை எந்தச் சொல்லால் எழுதியிருக்கிறீர்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள். இந்தப் படிக்கு அது போதும்.

படி 6: கொஞ்ச நாள் குறைத்து வாழுங்கள்

சில நாட்களை ஒதுக்கி, மலிவான சாப்பாடு, முரட்டுத் துணியோடு இருந்து பார். ‘நான் பயந்தது இதற்குத்தானா?’ என்று கேள் என்று செனெக்கா ஒரு கடிதத்தில் எழுதுகிறார். மாதத்தில் இரண்டு நாள் புட்டும் சம்பலுமாக, போனில் டேட்டா போடாமல் இருந்து பாருங்கள். நல்ல பயிற்சி.

ஆனால் இது எல்லோருக்கும் உரியது அல்ல. கிழமைக் கடன்காரர் வாசலில் வந்து நிற்கும் வீட்டில், காதுத் தோடு அடைவில் இருக்கும் வீட்டில், இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. அவர்கள் இந்தப் பாடத்தைக் கேட்காமலே படித்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியானால் இந்தப் படியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

படி 7: உங்களுக்குக் கிடைத்த வேடத்தை ஆடுங்கள்

நீ ஒரு நாடகத்தில் நடிகன், எந்த வேடம் என்பதை நாடகத்தை அமைத்தவன் தீர்மானிக்கிறான் என்கிறார் எபிக்டெட்டஸ். பிச்சைக்காரன் வேடம் கிடைத்தால் அதையும் திறமாக ஆடு. அரசனோ, ஊனமுற்றவனோ, சாதாரண மனிதனோ, எதுவானாலும் அப்படியே. தெரிவு செய்வது உன் வேலை இல்லை. நன்றாக ஆடுவது உன் வேலை.

படுவான்கரையில் வளர்ந்தவனுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. கூத்துப் பழகத் தொடங்கும்போது சட்டம் கொடுக்கும் நாள் என்று ஒன்று உண்டு. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒவ்வொருவனின் குரலையும் உடம்பையும் பார்த்து ஆருக்கு எந்த வேடத்தின் கொப்பி என்று தீர்மானிப்பார். எங்கள் அப்பாவுக்கு இளவயதில் அருச்சுனன் வேடத்தில் ஆசை. கிடைத்தது கட்டியக்காரன். அரசன் கொலு வருகிறான் என்று சபைக்குச் சொல்லிவிட்டுப் போகிற சின்ன வேடம். மனம் நொந்து நின்றவரிடம் அண்ணாவியார் சொன்னாராம்: “மனே, நீ தூங்கி வழிஞ்சா சபையும் தூங்கிப்போகும். பிறகு இராசா வந்து என்ன செய்ய?”

அப்பா மாதக்கணக்கில் வளவுக்குள் தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு அந்த வரவு ஆட்டத்தைப் பழகினார் என்று அம்மம்மா சொல்லுவா. எண்பது வயதிலும், அடுப்படியில் குந்தியிருந்து தேத்தண்ணி குடிக்கும்போது, அவர் விரல்கள் முழங்காலில் அந்தத் தாளத்தைத் தட்டும்.

கொப்பியில் உங்கள் வேடங்களை எழுதுங்கள். மகள், தமக்கை, ஆசிரியை, அயல்வீட்டுக்காரி, கோயில் நிருவாகத்தில் ஒருத்தி. ஒவ்வொன்றுக்கும் எதிரே இந்த வாரம் செய்யக்கூடிய ஒரே ஒரு வேலை. ‘நல்ல மகளாக இருப்பது’ என்று எழுதினால் அது வேலை ஆகாது. ‘அம்மாவைச் செவ்வாய்க்கிழமை கிளினிக்குக் கூட்டிப்போவது’ என்று எழுதுங்கள்.

எங்கே பயன்படுத்தக் கூடாது

இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வீதியோரத்தில் உட்கார்ந்திருக்கும் தாயிடம் போய், ‘அது உங்கள் கையில் இல்லை அம்மா, விட்டுவிடுங்கள்’ என்று சொல்ல இந்தத் தத்துவத்தை யாரும் எடுக்கக் கூடாது. பதில் கிடைப்பது அவர் கையில் இல்லை. கேட்பது அவர் கையில் இருக்கிறது. மெய்யறிவு, துணிவு, தன்னடக்கம் ஆகியவற்றோடு நீதியும் ஸ்டோயிக்குகளின் நான்கு அறங்களில் ஒன்று. ஹெல்விடியஸ் என்ற செனட்டரை, சபைக்கு வராதே என்று வெஸ்பாசியன் மன்னன் தடுத்தபோது, என்னைப் பதவியிலிருந்து நீக்குவது உன் கையில் இருக்கிறது, பதவியில் இருக்கும் வரை வர வேண்டியது என் கடமை என்று அவர் சொன்னதை எபிக்டெட்டஸ் மாணவர்களுக்குப் பெருமையோடு சொல்கிறார். அந்த மன்னன் காலத்திலேயே ஹெல்விடியஸ் கொல்லப்பட்டார்.

சாவு வீட்டிலும் கொப்பியைத் திறக்க வேண்டாம். நண்பனை இழந்தவருக்கு செனெக்கா எழுதும்போது, கண் வறண்டும் இருக்க வேண்டாம், ஆறாகப் பெருகவும் வேண்டாம் என்கிறார். அழ வேண்டிய இடத்தில் அழுங்கள்.

நித்திரை இல்லாமல், சாப்பாடு இறங்காமல், வாழவே பிடிக்காமல் நாட்கள் போகுமானால் அதற்குக் கொப்பி போதாது. வைத்தியசாலை உளநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 1926க்கு அழையுங்கள். அது இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம். ஆல்பர்ட் எல்லிஸ் போன்ற உளச் சிகிச்சையாளர்கள் 1950களில் எபிக்டெட்டஸிடமிருந்தே சில அடிப்படைகளை எடுத்தார்கள். அதனால் உளநல உதவி பெறுவது இந்தப் பாதைக்கு வெளியே போவது ஆகாது.

எதை முதலில் வாசிப்பது

எபிக்டெட்டஸின் கைநூலை முதலில் வாசியுங்கள். ஐம்பது சொச்சம் சின்னப் பகுதிகள்தான், பாதைக்காகக் காத்திருக்கும்போது ஒன்றிரண்டு வாசிக்கலாம். அப்புறம் செனெக்காவின் கடிதங்கள். 124 இருக்கின்றன, வரிசை தேவையில்லை. மார்க்கஸைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பாகத்தில் தனக்கு யார் யார் என்ன கற்றுத்தந்தார்கள் என்று பெயர் பெயராக நன்றி எழுதியிருக்கிறார். அதை வாசித்த இரவு நானும் அப்படி ஒரு பட்டியல் எழுதினேன். ஐந்தாவது வரியில் ‘நீந்தப் பழக்கியவர்’ என்று வந்தது.

நேற்றிரவுப் பக்கத்தில் மூன்றாவது கேள்விக்குக் கீழே ஒரே ஒரு வரி இருக்கிறது: ‘அண்ணனுக்கு இன்னும் போன் எடுக்கவில்லை.’ அவர் விடிய ஐந்து மணிக்கே வயலில் நிற்பார். பாதையில் ஏறும் முன் எடுக்க வேண்டும்.